படத்தில் தெரியாத பண்ணை வீடு

படம் எப்போதும் ஒன்றுதான். குன்றின் மேல் ஒரு கல் வீடு. அதற்குப் போகும் வளைந்த மண் பாதை. இரு பக்கமும் ஊசி போல் நிற்கும் சைப்ரஸ் மரங்கள். முற்றத்தில் நீல நிறத்தில் ஒரு நீச்சல் குளம். ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ் மூன்றையும் ஒரே வாரத்தில் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு வந்த டெல்லி, மும்பை, பெங்களூர் குடும்பங்கள் இரண்டாவது முறை இத்தாலி போகத் திட்டமிடும்போது இந்தப் படத்தின் முன்னால்தான் வந்து நிற்கின்றன. இந்தத் தடவை அருங்காட்சியக வாசலில் வரிசை வேண்டாம். கிராமத்தில் ஒரு வாரம் சும்மா இருந்துவிட்டு வந்தால் போதும். நியாயமான ஆசைதான். சிக்கல் என்னவென்றால், அந்த ஒரே படத்துக்குப் பின்னால் நான்கு வேறு வேறு சமாசாரங்கள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, உண்மையிலேயே உழுது பயிரிடும் விவசாயி தன் பண்ணையில் சில அறைகளை விருந்தினருக்கு ஒதுக்கும் இடம். இத்தாலியில் இதன் பெயர் அக்ரிதுரிஸ்மோ. இரண்டு, மிலானிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர் வாரக் கணக்கில் வாடகைக்கு விடும் வில்லா. சாவி கொடுக்க ஒரு ஏஜென்ட் வருவார், அத்தோடு சரி. மூன்று, பழைய பண்ணையை வாங்கி, வரவேற்பு மேஜையும் மசாஜ் அறையும் போட்டு மாற்றிய ஓட்டல். நான்கு, ஊருக்குள் ஒரு குடும்பம் தன் வீட்டில் ஓரிரு அறைகளைக் காலை உணவோடு தரும் ஏற்பாடு. நான்கும் கல் வீடுகளே. நான்கின் வாசலிலும் சைப்ரஸ் உண்டு. ஆனால் அங்கே கழியும் வாரம் நான்கு விதமாக இருக்கும். வெளியூர்க்காரர் கொடுக்கும் பணம் யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதும் அப்படியே.

இத்தனை கல் வீடுகள் எப்படி வாடகைக்கு வந்தன என்பது ஒரு சோகக் கதை. மத்திய இத்தாலியின் குன்றுகளில் பல நூற்றாண்டுகளாக நடந்தது மெட்ஸத்ரியா என்ற பங்குச் சாகுபடி. நிலமும் வீடும் பண்ணையாருடையவை, உழைப்பு குடியானவனுடையது, விளைச்சல் ஆளுக்குப் பாதி. ஒவ்வொரு சாகுபடி நிலத்துக்கும் ஒரு வீடு. தாத்தா முதல் பேரன் வரை பத்துப் பதினைந்து பேர் ஒரே கூரையின் கீழ். கீழ்த்தளத்தில் மாடுகள், மேல்தளத்தில் மனிதர்கள். குளிர்காலத்தில் மாடுகளின் உடற்சூடுதான் மேலே இருப்பவர்களுக்குக் கணப்பு. இன்று விளம்பரங்களில் 'பழமை மாறாத அழகு' என்று காட்டப்படும் வெளிப்புறப் படிக்கட்டு அந்த வாழ்க்கையின் மிச்சம். கீழே தொழுவம் இருந்ததால் வெளியே இருந்துதான் மாடிக்கு ஏற முடிந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வடக்கே தூரின், மிலான் தொழிற்சாலைகள் ஆள் தேடின. 1950களிலும் 60களிலும் குன்றுகள் மளமளவென்று காலியாயின. 1964ல் வந்த சட்டம் புதிய பங்குச் சாகுபடி ஒப்பந்தங்களைத் தடை செய்தது. எஞ்சியிருந்தவற்றைப் பணக் குத்தகையாக மாற்ற 1982ல் இன்னொரு சட்டம் வழி செய்தது. அதற்குள் குடியானவர்களின் பிள்ளைகளுக்கு நகரத்தில் மாதச் சம்பளம் கிடைத்துவிட்டது. யாரும் திரும்பவில்லை. கூரை இடிந்து, அத்திமரம் முளைத்துக் கிடந்த வீடுகளை வெளிநாட்டவர்கள் மலிவாக வாங்கினார்கள். டஸ்கனியின் கியாந்தி பகுதியில் பிரிட்டிஷ்காரர்கள் வாங்கிக் குவித்த வேகத்தில் அதற்குக் 'கியாந்திஷயர்' என்று கேலிப் பெயரே வந்துவிட்டது.

நிலத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த விவசாயிகளுக்கு விளைச்சல் வருமானம் மட்டும் போதவில்லை. காலி அறைகளை நகரத்தாருக்கு விட்டால் என்ன என்ற யோசனையோடு 1965ல் அக்ரிதுரிஸ்த் என்ற சங்கம் பிறந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 1985ல், அரசு இதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2006ல் அதன் இடத்தில் புதிய சட்டம் வந்தது. இப்போது நாடு முழுவதும் சுமார் 26,000 அக்ரிதுரிஸ்மோக்கள் இருக்கின்றன. டஸ்கனியில் மட்டும் 5,000க்கு மேல்.

சட்டத்தின் உயிர்நாடி ஒரே வரியில் அடங்கும்: விருந்தோம்பல் விவசாயத்துக்குத் துணையாக இருக்க வேண்டும், அதை விழுங்கிவிடக் கூடாது. விவசாயி மட்டுமே இதை நடத்தலாம். அறைகளுக்குப் பண்ணையில் ஏற்கனவே இருக்கும் கட்டடங்களைத்தான் பயன்படுத்த வேண்டும். விருந்தினருக்குச் செலவாகும் உழைப்பைவிட வயலுக்குச் செலவாகும் உழைப்பு அதிகமாக இருக்க வேண்டும். விருந்தினர் பத்துப் பேருக்கு மேல் இல்லாத சிறு பண்ணைகள் இந்த நிபந்தனையை நிறைவேற்றியதாகவே கருதப்படும். சாப்பாடு போட்டால் அதில் சொந்த விளைச்சலும் அந்த வட்டாரப் பண்ணைகளின் விளைச்சலும் முக்கிய இடம் பெற வேண்டும். விகிதம் எவ்வளவு என்பதை அந்தந்த மாநில அரசுகள் முடிவு செய்கின்றன.

எனவே இடம் தேடுகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அறையில் என்ன இருக்கிறது என்பதல்ல. வயலில் என்ன இருக்கிறது? ஒரு மின்னஞ்சல் போதும். உண்மையான விவசாயிக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். எத்தனை ஹெக்டேர், எத்தனை ஆலிவ் மரம், எந்த மாதம் அறுவடை, ஆடுகள் எத்தனை என்று பத்தி பத்தியாகப் பதில் வரும். நீச்சல் குளத்தின் அளவும் படுக்கை விரிப்பின் தரமும் மட்டுமே பதிலில் வந்தால் அது நல்ல தங்குமிடமாக இருக்கலாம். ஆனால் பண்ணை என்பது அங்கே பெயர்ப் பலகையோடு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

பெயர்ப் பலகையில் சூரியகாந்திப் பூக்கள் வரைந்திருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். ஓட்டல்களுக்கு நட்சத்திரம் போல, அக்ரிதுரிஸ்மோக்களுக்கு ஒன்று முதல் ஐந்து சூரியகாந்திகள். வசதி, சேவை, சுற்றுப்புறம் என்று பலவற்றையும் கூட்டிப் போடும் மதிப்பெண் அது. இரண்டு பூ வாங்கிய வீட்டில் பாட்டி சமையல் அமிர்தமாக இருக்கலாம். ஐந்து பூ வீட்டில் விவசாயியைக் கண்ணால் காணாமலே ஊர் திரும்பலாம். பூவைவிட முக்கியமானது ஓர் எண். 2025 ஜனவரி முதல் இத்தாலியில் சுற்றுலாத் தங்குமிடம் ஒவ்வொன்றும் தேசிய அடையாள எண் ஒன்றைப் பெற்று, கட்டடத்தின் வெளியிலும் விளம்பரத்திலும் காட்ட வேண்டும். விளம்பரத்தில் எண் இல்லையென்றால் முன்பணம் அனுப்பும் முன் ஒரு தடவை யோசிப்பது நல்லது.

இரண்டாவது கேள்வி: அந்த வீட்டுக்கு எப்படிப் போவது? வரைபடத்தில் ஸியெனா நகரம் 20 கிலோமீட்டர் என்று இருக்கும். அதில் கடைசி நான்கைந்து கிலோமீட்டர் 'வெள்ளைச் சாலை'. தார் போடாத, சரளைக் கல் பரப்பிய மலைப்பாதை. எதிரே டிராக்டர் வந்தால் ஒருவர் பின்னால் போயாக வேண்டும். இருட்டிய பிறகு விளக்கு கிடையாது. பால் வாங்கவும், இரவு ஒரு பீட்ஸா சாப்பிடவும் காரை எடுக்க வேண்டிய வீடுகளே அதிகம். இந்தியாவில் வாங்கிய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் வேண்டும். அதை ஊரில் இருக்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே வாங்கிக்கொண்டு போக வேண்டும். அங்கே வண்டி சாலையின் வலது பக்கம் ஓடும். ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கும்.

இன்னொரு பொறி, பழைய நகரங்களின் வாசலில் இருக்கிறது. ஃபிளாரன்ஸ், ஸியெனா போன்ற ஊர்களின் மையத்தில் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே நுழையலாம். தடுப்பு இருக்காது, போலீஸ்காரரும் இருக்க மாட்டார். ஒரு பலகையும் ஒரு கேமராவும் இருக்கும். விடுமுறை மறந்துபோன சில மாதங்களுக்குப் பிறகு வாடகைக் கார் கம்பெனி வழியாக அபராதம் வீடு தேடி வரும். ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு நடப்பதே புத்திசாலித்தனம்.

குடும்பத்தில் யாரும் கார் ஓட்ட மாட்டார்கள் என்றால் குன்றின் உச்சியை மறந்துவிட வேண்டியதுதான். அதற்காகக் கிராமத்தையே மறக்க வேண்டாம். அம்ப்ரியாவில் ஓர்வியெத்தோ பாறை மேல் இருக்கும் ஊர். ரயில் நிலையம் கீழே, அங்கிருந்து மேலே போக இழுவை ரயில். அதே மாநிலத்தில் ஸ்பெல்லோவும், டஸ்கனியில் லூக்காவும் ரயில் நிற்கும் ஊர்கள். இவற்றின் விளிம்பில் இருக்கும் பண்ணைகளில், நிலையத்துக்கு வந்து அழைத்துப் போக முடியுமா என்று கேட்டால் பலர் சம்மதிப்பார்கள். கிராமத்துப் பஸ்களை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை கால அட்டவணையை முதலில் பார்ப்பது நல்லது. பல தடங்களில் அன்றைக்குப் பஸ்ஸே இருக்காது.

மூன்றாவது கேள்வி: எந்த ஊர், எந்த மாதம்? இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. ஸியெனாவுக்குத் தெற்கே, 2004ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த வால் தோர்ச்சா பள்ளத்தாக்கின் அந்தப் பச்சைக் குன்றுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அது புல்வெளி அல்ல, கோதுமை. பச்சை நிறம் ஏப்ரல், மே மாதங்களுக்கு மட்டும். ஜூனில் பொன்னிறம். அறுவடை முடிந்து உழுத பிறகு, ஆகஸ்டில் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை சாம்பல் கலந்த பழுப்பு மண் கட்டிகள். ஆகஸ்டில் போய் இறங்கி, 'படத்தில் காட்டியது இது இல்லையே' என்று சண்டை பிடிப்பதில் பொருள் இல்லை. பள்ளிக்கூடக் கோடை விடுமுறையில் பயணம் போகும் இந்தியக் குடும்பங்களுக்கு மே மாதம் அமைவது தற்செயலான அதிர்ஷ்டம். தவிர, ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரங்களில் இத்தாலியே விடுமுறையில் இருக்கும். வாடகை உச்சத்தில் நிற்கும். சனி முதல் சனி வரை முழு வாரமாக எடுத்தால்தான் வீடு என்ற நிபந்தனையும் அப்போது சகஜம்.

தெற்கே புலியா மாநிலம் முற்றிலும் வேறு உலகம். சமவெளி, செம்மண், ஆலிவ். இங்கே பண்ணை வீட்டுக்கு மஸ்ஸெரியா என்று பெயர். கடல் வழியாக வந்த கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து கோட்டை போல மதிலெழுப்பிக் கட்டியவை பல. அல்பெரொபெல்லோ ஊரைச் சுற்றி, சாந்து இல்லாமல் கல்லை அடுக்கிக் கூம்பு வடிவில் கூரை போட்ட த்ரூல்லி வீடுகள் இருக்கின்றன. வரி அதிகாரி வந்தால் சட்டென்று பிரித்துப் போட வசதியாகத்தான் அப்படிக் கட்டினார்கள் என்பது அந்த ஊர்க் கதை. கெட்டிச் சுவர், சின்ன ஜன்னல். வெயில் காலத்தில் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். ஆனால் வெளிச்சம் குறைவு. நான்கு பேருக்கு நெருக்கடி. உட்காரும் இடமெல்லாம் முற்றத்தில்தான்.

புலியாவுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். 2013ல் கல்லிபோலி நகருக்கு அருகே ஸைலெல்லா என்ற பாக்டீரியா ஆலிவ் மரங்களில் கண்டுபிடிக்கப்பட்டது. பூச்சி மூலம் பரவும் அந்த நோயில், இத்தாலியக் காலணியின் குதிகால் போலத் துருத்தி நிற்கும் சலெண்டோ பகுதியில் லட்சக்கணக்கான மரங்கள் பட்டுப்போயின. பல தலைமுறை பார்த்த மரங்கள் அவை. மைல் கணக்கில் சாம்பல் நிற எலும்புக்கூடுகளாக நிற்கும் தோப்புகளை விளம்பரப் படங்கள் காட்டுவதில்லை. நோயைத் தாங்கும் லெச்சீனோ, ஃபவொலோசா ரகங்களை நட்டு, விவசாயிகள் மீண்டும் தொடங்கிக்கொண்டிருக்கிறார்கள். கன்று காய்ப்புக்கு வரும்வரை அந்தக் குடும்பங்களில் பலவற்றுக்கு அறை வாடகைதான் கைகொடுக்கிறது. இப்படி ஒரு பண்ணையில் தங்குவது தர்மம் அல்ல. எண்ணெயும் ரொட்டியும் வெயிலும் கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கும். ஆனால் ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியும் என்பதைத் தெரிந்தே போவது நல்லது.

வடகோடியில், ஆல்ப்ஸ் மலையில் இருக்கும் தெற்கு டைரோல், முதல் உலகப் போருக்குப் பிறகு இத்தாலியோடு சேர்ந்த நாடு. பெரும்பாலோர் வீட்டில் பேசுவது ஜெர்மன். மலைச் சரிவில் கறவை மாடும், பள்ளத்தாக்கில் ஆப்பிளும். இங்கே 'மூடிய பண்ணை' என்று ஒரு பழைய சட்டம் உண்டு. பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தாலும் பண்ணை பிளக்கப்படாமல் ஒருவருக்கே போக வேண்டும், மற்றவர்களுக்கு அவர் ஈடு கொடுக்க வேண்டும். சகோதரச் சண்டையில் வரப்பு வரப்பாக நிலம் பிரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். விளைவு, ஆயிரம் மீட்டர் உயரத்திலும் பண்ணைகள் உயிரோடு இருக்கின்றன. இங்கு பல தங்குமிடங்கள் விருந்தினருக்கு உள்ளூர் பஸ், ரயிலில் இலவசமாகப் போக ஒரு பாஸ் தருகின்றன. கார் ஓட்டாதவர்களுக்கு இதைவிட நல்ல கிராமம் இத்தாலியில் இல்லை என்றே சொல்லலாம்.

பண்ணையே வேண்டாம், கிராமத்துக்குள் இருந்தால் போதும் என்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 1976ல் வடகிழக்கே ஃப்ரியூலி பகுதியில் பெரும் நிலநடுக்கம். வீடுகளைத் திரும்பக் கட்டினார்கள், ஆனால் குடியிருக்க ஆளில்லை. அங்கே கார்னியா மலைக் கிராமங்களில் முளைத்த யோசனை, அல்பெர்கோ திஃப்யூஸோ: 'சிதறிய ஓட்டல்'. வரவேற்பறை ஒரு தெருவில், படுக்கையறை இன்னொரு தெருவில், சாப்பாடு சதுக்கத்தில். கிராமமே ஓட்டல். ஜான்கார்லோ தல்லாரா என்பவர் இதை ஒரு முறையாக வளர்த்தார். அப்ருட்ஸோ மலையில், நூறு பேர் அளவுக்கே மக்கள் எஞ்சியிருந்த ஸான்தோ ஸ்தெஃபானோ தி ஸெஸ்ஸானியோ என்ற கிராமம் இப்படித்தான் உலகுக்குத் தெரிய வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இங்கேயும் ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும்: விருந்தினர் தவிர வேறு யாராவது அந்த ஊரில் குடியிருக்கிறார்களா? காலையில் ரொட்டிக் கடை திறக்கிற கிராமமும், எல்லாக் கதவிலும் சாவிப் பெட்டி தொங்குகிற கிராமமும் படத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

நான்காவது கேள்வி, தமிழ்க் குடும்பங்களில் முதலாவதாகவே வரும்: சாப்பாடு. இத்தாலியக் கிராமத்துச் சமையல் ஏழைகளின் சமையல். மாமிசம் அதில் விசேஷ நாள் பண்டமாகவே இருந்தது. டஸ்கனியில் காய்ந்த ரொட்டி, பயறு, கரும்பச்சைக் கீரை சேர்த்துக் கொதிக்க வைக்கும் ரிபொல்லித்தா. தக்காளியும் ரொட்டியும் குழைந்த பாப்பா அல் பொமொதோரோ. புலியாவில் ஃபாவா என்ற மொச்சை வகையைப் பருப்பு போல மசித்து, சற்றே கசக்கும் கீரையோடு தரும் உணவு. எல்லாவற்றின் மேலும் பச்சை ஆலிவ் எண்ணெய் ஒரு சுற்று. சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

ஆனால் 'வெஜிடேரியன்' என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. காய்கறி சூப்பில் பன்றிக் கொழுப்புத் துண்டு வாசனைக்குக் கிடக்கலாம். ரிஸோத்தோவில் இறைச்சி வேகவைத்த நீர் இருக்கலாம். ரோமானியா பகுதியின் தட்டை ரொட்டியான பியதீனாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். பார்மெஸான் பாலாடைக்கட்டியே கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால் உறைய வைப்பதுதான். எதெல்லாம் சாப்பிட மாட்டோம் என்பதைப் பட்டியலாக முன்கூட்டியே எழுதி அனுப்புவது உத்தமம். சமையல் செய்கிறவரும் வீட்டுக்காரரும் ஒருவராகவே இருக்கும் சிறு பண்ணையில் அந்தப் பட்டியலுக்கு மதிப்பு அதிகம். அதையும் மீறிச் சந்தேகம் இருந்தால், சமையலறையோடு கூடிய அறைகளைக் கேட்கலாம். வாரச் சந்தையில் கத்தரிக்காயும் தக்காளியும் தயிரும் கிடைக்கும். கிடைக்கும் அரிசி ரிஸோத்தோவுக்கான ஆர்போரியோ. சாதம் குழைந்துவிடும் என்று கவலைப்பட வேண்டாம். தயிர் சாதத்துக்குக் குழைய வேண்டும்தானே?

ஐந்தாவது கேள்வி, பணம். அதைவிட, பணம் எப்போது திரும்பும் என்பது. ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று காட்ட வேண்டும். விசா கிடைக்குமா என்பது தெரியும் முன்பே இடத்தைப் பிடித்தாக வேண்டிய கட்டாயம் இந்தியப் பயணிக்கு உண்டு. இங்கேதான் இரண்டு இத்தாலியச் சொற்கள் ஆயிரக்கணக்கான ரூபாய் பெறும். 'அக்கோந்தோ' என்றால் வெறும் முன்பணம். 'கப்பாரா' என்றால் ஒப்பந்தத்தை உறுதி செய்யும் பிணைத்தொகை. இத்தாலிய சிவில் சட்டப்படி, கப்பாரா கொடுத்தவர் பின்வாங்கினால் அதை வீட்டுக்காரர் வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் பின்வாங்கினால் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்புமா, எந்தத் தேதிவரை ரத்து செய்யலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே பணத்தை அனுப்ப வேண்டும். நிலைமையை விளக்கி எழுதினால், விசா வரும்வரை பிணைத்தொகை கேட்காமல் அறையை வைத்திருக்கும் வீட்டுக்காரர்களும் உண்டு.

வாடகைக்கு மேல் சில்லறைச் செலவுகள் வரும். பல நகராட்சிகள் தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தங்கும் வரி வாங்குகின்றன. கடைசி நாளில் துப்புரவுக் கட்டணம் என்று ஒன்று நீட்டப்படலாம். துண்டு, விரிப்புக்குத் தனிக் காசு வாங்கும் வில்லாக்கள் இருக்கின்றன. குளிர் மாதங்களில் கணப்புக்கு மீட்டர் பார்த்துப் பணம் கேட்பதும் உண்டு. இவை மோசடி அல்ல, அந்த ஊர் வழக்கம். 'மொத்தம் எவ்வளவு?' என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிட்டால் கடைசி நாள் காலை கசக்காது.

இவ்வளவும் சரியாக அமைந்த பண்ணையில்கூடச் சில அசௌகரியங்கள் இருக்கும். சேவல் நான்கு மணிக்குக் கூவும். டிராக்டர் ஐந்தரைக்குக் கிளம்பும். காற்று திசை மாறினால் சாண வாடை. ஏ.சி. இல்லாமல் இருக்கலாம். நீச்சல் குளத்தில் கண்காணிக்க ஆள் இருக்க மாட்டார், குழந்தைகளைப் பெற்றோர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அறுவடைக் காலத்தில் வீட்டுக்காரருக்கு விருந்தினரோடு பேச நேரம் இருக்காது. இதையெல்லாம் புகாராக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சேவலும் டிராக்டரும் சாணமும் இல்லாத பண்ணைக்குப் பெயர் ஓட்டல். அது வேண்டுமானால் அதையே தேர்ந்தெடுப்பதில் தப்பில்லை. விலையும் அதற்கேற்ப இருக்கும்.

இந்தியரின் கண்ணில் பட வேண்டிய இன்னொரு விஷயமும் இருக்கிறது. போ நதிச் சமவெளியில், பார்மெஸானுக்குப் பால் தரும் மாடுகளைக் கறப்பவர்களில் கணிசமானவர்கள் பஞ்சாபிலிருந்து போனவர்கள். 2000ல் நொவெல்லாரா ஊரில் பெரிய குருத்வாராவே எழுந்தது. அது நன்றாக வாழ்ந்தவர்களின் கதை. ரோமுக்குத் தெற்கே லத்தீனா மாவட்டக் காய்கறிப் பண்ணைகளில் கதை வேறு. 2024 ஜூனில் அங்கே ஒரு பஞ்சாப் தொழிலாளியின் கை இயந்திரத்தில் சிக்கித் துண்டானது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் அவரை வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். அவர் இறந்தபோது இத்தாலியே தலைகுனிந்தது. விடுமுறைக்குப் போகிறவர் இதற்குப் பொறுப்பல்ல. ஆனால் 'பண்ணை வேலையை யார் செய்கிறார்கள்?' என்று இயல்பாக ஒரு கேள்வி கேட்பதில் தவறில்லை. குடும்பமே உழைக்கிற பண்ணையிலும், ஆட்களை முறையாக வைத்திருக்கும் பண்ணையிலும் இதற்குப் பதில் தயங்காமல் வரும்.

ஆக, இடம் தேர்ந்தெடுப்பது பத்து வரிக் கடிதத்தில் முடிகிற வேலை. என்ன பயிரிடுகிறீர்கள், கடைசி கிலோமீட்டர் எப்படிப்பட்ட சாலை, நாங்கள் வரும் மாதத்தில் வயல் எப்படி இருக்கும், இவையெல்லாம் சாப்பிட மாட்டோம், முடியுமா, விசா வராவிட்டால் பணம் என்ன ஆகும்? இதை ஐந்து இடங்களுக்கு அனுப்பினால் இரண்டு பேர் பதிலே போட மாட்டார்கள். இரண்டு பேர் அச்சடித்த விளம்பரத்தை அனுப்புவார்கள். ஐந்தாவது ஆள் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில், இந்த ஆண்டு மழை குறைவு, எண்ணெய் போன வருஷத்தில் பாதிதான், ஆனால் கீரை நன்றாக வந்திருக்கிறது, அம்மா சமைப்பாள், ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன் என்று எழுதுவார்.

அவர் வீட்டில் நீச்சல் குளம் இல்லாமல் இருக்கலாம். பெட்டியைக் கட்ட வேண்டியது அங்கேதான்.